போர்க்களத்தில் ஒலித்த மனச்சான்று



ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ள பாஞ்சாலங்குறிச்சிக்கு நம்மில் பலர் சென்றிருப்போம். 1974ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையை நம் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்போம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனை நாம் அறிவோம். அதே மண்ணில் வாழ்ந்த, பெயர்கூடப் பதிவாகாத ஒரு தாயை இன்று நினைவுகூர்வோம்.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கும்பினியார் இடித்துத் தள்ளிய கோட்டை சில நாள்களிலேயே மண்ணால் மீண்டும் எழுந்தது. பாஞ்சாலங்குறிச்சி வீரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது, துறைமுகப் பொறுப்பில் இருந்த பேகட் என்ற ஆங்கிலேயர் கைதியானார். அவருடைய மனைவி பாஞ்சாலங்குறிச்சிக்கே சென்று கணவருக்காக மன்றாடினார். அண்ணனைத் தூக்கிலிட்டவர்களின் ஆள் என்று தெரிந்திருந்தும், அவரை உயிருடன் விடுவித்தார்கள்.

மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. தப்பி ஓடியவர்களில் பலர் வழியிலேயே வெட்டுண்டு சாய்ந்தனர். அன்றிரவு அருகிலிருந்த சிற்றூரின் பெண்கள், தங்கள் வீட்டு ஆண்களைத் தேடிக் களத்துக்கு வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டெடுத்தார், குற்றுயிராய்க் கிடந்தான். அவளோ அவனைத் தூக்கப் போனாள். அவனோ, தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். அந்தச் சாமிதான் ஊமைத்துரை. தாய் மகனின் சொல்லைக் கேட்டாள். துரையைத் தூக்கிச் செல்லும் வழியில், தேடிவந்த எட்டயபுரத்து ஆள்கள் எதிர்ப்பட்டனர். பெண்கள் உடனே துணியால் அவரை மூடி, ஒப்பாரி வைத்து, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்றார்கள். வந்தவர்கள் அஞ்சி விலகினார்கள்.

இதை எழுதிவைத்தவர் யார் தெரியுமா? கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். 1830இல் வெளிவந்த தம் போர் நினைவு நூலில், தாம் எதிர்த்துப் போரிட்டவர்களை அவர் வியந்து போற்றுகிறார்.

அன்பர்களே, அந்தத் தாய்க்கு யார் கட்டளையிட்டது? எந்தச் சட்ட நூலை அவள் படித்தாள்? திருச்சட்டம் பெறாத மக்களின் உள்ளத்திலும் அச்சட்டம் எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுடைய மனச்சான்றே அதற்குச் சாட்சி என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தூய பவுல் கற்பிக்கிறார். நன்மையைச் செய், தீமையை விலக்கு என்பதே இந்த இயற்கை ஒழுக்கச் சட்டத்தின் முதல் கட்டளை என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். பேகட்டை விடுவித்தவர்களிடமும், சாகும் வேளையில் பிறனை நினைத்த மகனிடமும், பகைவரின் மேன்மையை மறைக்காத வெல்ஷிடமும் பேசியது அந்த ஒரே சட்டம்தான்.

ஆனால் அந்தப் பெண்கள் பொய் சொன்னார்களே என்று நம் நெஞ்சு குறுகுறுக்கலாம். நல்ல கேள்விதான். விடுதலைப் பயண நூலில் சிப்ரா, பூவா என்ற மருத்துவப் பெண்கள் எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றப் பார்வோனிடம் உண்மையை மறைத்தார்கள். ஆண்டவர் அவர்களுக்கு நன்மை செய்தார். பொய் எப்போதும் தவறே என்று புனித அகுஸ்தினார் உறுதியாகச் சொன்னார். அக்குவினாஸும் அதையே ஏற்றார். எனினும் அப்பெண்கள் பெற்ற பரிசு பொய்க்காக அல்ல, அவர்களுடைய இறையச்சத்துக்காகவும் நல்லெண்ணத்துக்காகவுமே என்று விளக்கினார். ஆகவே, பொய்க்குச் சாக்குத் தேடி நாம் இத்தாயிடம் போகவேண்டாம். உயிரைக் காக்கும் அன்பைக் கற்றுக்கொள்ளப் போவோம்.

மனச்சான்று என்பது மனம் போன போக்கு அல்ல. நம் விருப்பத்துக்கு எதிராகவும் அது பேசும். தன் பிள்ளையைத் தூக்கத் துடித்த கைகள் இன்னொரு தாயின் பிள்ளையைத் தூக்கின. அந்த மனச்சான்றுக்கு அவள் கொடுத்த விலை அது. ஊமைத்துரையும் அதே ஆண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அதனால் அவள் செய்தது வீணாகிவிட்டதா? இல்லை. நன்மையின் மதிப்பை அதன் வெற்றி தீர்மானிப்பதில்லை.

உப்பளத்தில் கூலி கணக்கிடும்போது, மீன் ஏலத்தில் எடை போடும்போது, நமக்குத் தீங்கு செய்தவரின் வீட்டில் துன்பம் நேரும்போது, அதே குரல் நம்மிடமும் பேசுகிறது. அண்டை வீட்டாரோடு வழக்கு இருக்கலாம். அவர் வீட்டுப் பிள்ளை நோயுற்றால் நாம் என்ன செய்வோம்? இன்றிரவு உறங்குமுன், அக்குரலை எங்கே கேட்டோம், எங்கே கேளாதவர்போல் கடந்து சென்றோம் என்று இறைவன் திருமுன் சற்று அமைதியாக ஆய்ந்து பார்ப்போம். கேட்கும் உள்ளத்தை அவரே நமக்குத் தருவாராக.