தபால்காரரின் சறுக்கு வண்டி

1864-இல் கோடை முடிந்து குளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கிய நேரம். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் மலைக் கிராமத்தில் விடுதி நடத்திவந்த யோகன்னஸ் பாட்ருட்டுக்கு ஒரே கவலை. கோடைக்கு வரும் ஆங்கிலேயர்கள் பனி விழுமுன் மூட்டை கட்டிவிடுவார்கள். அதன்பின் விடுதியில் ஈ, காக்காய்கூட இருக்காது. புறப்பட நின்ற விருந்தாளிகளிடம் அவர் ஒரு பந்தயம் கட்டினார் என்று சொல்வார்கள். “குளிர்காலத்தில் வந்து தங்கிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் போக வர ஆகும் செலவு என்னுடையது.” கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர் வரை நகரவில்லை. பாட்ருட் ஜெயித்துவிட்டார். ஆனால், பனி மூடிய குக்கிராமத்தில் அத்தனை மாதம் பொழுதைப் போக்குவது எப்படி?

கடைப் பையன்கள் சாமான் ஏற்றி இழுத்துப்போகும் மரச் சறுக்கு வண்டிகள் விருந்தாளிகளின் கண்ணில் பட்டன. அதில் ஏறி உட்கார்ந்து சரிவான சந்துகளில் விட்டால் வண்டி பிய்த்துக்கொண்டு பறந்தது. திருப்பவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. தெருவில் நடந்தவர்கள் மேல் மோதல், சண்டை, முறையீடு. ஊர்க்காரர்களும் வேண்டும், விருந்தாளிகளும் வேண்டும் என்ற இக்கட்டில், யோகன்னஸின் மகன் காஸ்பர் பாட்ருட் 1870-களில் தெருவை விட்டுத் தள்ளி, பனியாலேயே ஒரு தனிப் பாதையைப் போட்டுக்கொடுத்தார். சண்டையைத் தீர்க்கத்தான் போட்டார். அந்தப் பாதையோ வேகத்தின் ருசியைக் கூட்டிவிட்டது. யார் முதலில் இறங்குவது என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது.

அதற்கு டாவோஸ் ஊரில் ஒரு பதில் கிடைத்தது. காசநோய்க்காரர்கள் மலைக்காற்றை நம்பி வந்து தங்கிய ஊர் அது. நுரையீரல் நோயோடு வந்து அங்கேயே குடியேறிவிட்ட ஆங்கில எழுத்தாளர் ஜான் அடிங்டன் சைமண்ட்ஸுக்குச் சறுக்கு வண்டி மேல் தீராத காதல். அங்கே பந்தயங்கள் வேரூன்ற அவர் முக்கியக் காரணம். 1883 மார்ச் 12 அன்று டாவோஸிலிருந்து கிளோஸ்டர்ஸ் நோக்கி இறங்கும் 4 கிலோமீட்டர் சாலையில் 21 பேர் வண்டி விட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாணவர் ஜார்ஜ் ராபர்ட்சன் 9 நிமிடம் 15 வினாடியில் வந்து சேர்ந்தார். கிளோஸ்டர்ஸின் தபால்காரர் பீட்டர் மின்ஷ் எடுத்துக்கொண்டதும் அதே 9 நிமிடம் 15 வினாடி! உல்லாசத்துக்கு வந்த மாணவரும், பிழைப்புக்காகப் பனியில் அலைந்த தபால்காரரும் சரிசமம். வெற்றியைப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். இந்தச் சமநிலை இந்த விளையாட்டை விடாமல் துரத்தப்போகிறது என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது.

பிறகு வண்டி மூன்று கிளையாகப் பிரிந்தது. குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டிப் போனது ஒன்று. பலர் வரிசையாக உட்கார்ந்து போனது இன்னொன்று. மூன்றாவது வகைக்காரர்கள் மல்லாந்து சாய்ந்து, காலை முன்னால் நீட்டிப் போனார்கள். முதல் இரண்டும் 1920-களிலேயே ஒலிம்பிக் வாசலைத் தாண்டிவிட்டன. மூன்றாவதற்கு மட்டும் தடைமேல் தடை. 1914-இல் போஹீமியாவின் ரெய்ஷென்பெர்க்கில் முதல் ஐரோப்பியப் போட்டி நடந்தது. அதே ஆண்டு உலகப்போர் மூண்டது. அடுத்த ஐரோப்பியப் போட்டிக்கு 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1954-இல் ஒருவழியாக ஒலிம்பிக் குழு தலையாட்டியது. 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் அரங்கேற்றம் நடந்திருக்கலாம். அங்கேயோ செலவுக்குப் பயந்து சறுக்குத் தடமே கட்டாமல் விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்தது 1964, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்.

அந்த ஆண்டு இன்ஸ்ப்ரூக்கில் போதிய பனியே விழவில்லை! ராணுவம் வந்தது. சிப்பாய்கள் மலை உச்சியில் 20,000 பனிக்கட்டிகளை வெட்டி எடுத்து வந்து தடங்களில் பதித்தார்கள். தடம் தயாரானதும் அடுத்த இடி. தொடக்க விழாவுக்குச் சில நாள் முன்பு, பயிற்சி ஓட்டத்தில் பிரிட்டன் அணியின் காசிமியர்ஸ் கே-ஸ்க்ரிப்பெட்ஸ்கி தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். இது விளையாட்டா, தற்கொலையா என்ற கேள்வி எழுந்தது. ஆனாலும் போட்டி நடந்தது. நான்கு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டியபோது கிழக்கு ஜெர்மனியின் தாமஸ் கோலர், தன் நாட்டின் கிளவுஸ் போன்சாக்கை 0.27 வினாடியில் முந்தியிருந்தார். சாமான் வண்டியாகத் தெருவில் ஓடிய சறுக்குப் பலகை, லூஜ் என்ற பெயரில், ஆண்கள் ஒற்றையர் ஒலிம்பிக் போட்டியாகப் பிறந்தது இப்படித்தான்.

பிறந்த பிள்ளைக்குக் குறும்பும் கூடவே வந்தது. வண்டியின் அடியில் பனியைத் தொடும் எஃகு விளிம்பைச் சூடாக்கினால் வழுக்கல் கூடும். 1968 கிரெனோபிளில் கிழக்கு ஜெர்மன் வீராங்கனைகள் அப்படிச் செய்ததாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். இப்போதெல்லாம் அந்த விளிம்பின் வெப்பநிலையை அளந்து பார்த்துத்தான் ஓட விடுகிறார்கள். வானத்தை நம்பிப் பட்ட பாடு போதும் என்று 1969-இல் ஜெர்மனியின் கோனிக்ஸேயில் கான்கிரீட்டுக்குள் குழாய் ஓட்டிச் செயற்கையாகக் குளிரூட்டிய தடத்தைக் கட்டினார்கள். 1972 சப்போரோவில் டாவோஸ் கதை திரும்பியது. இரட்டையர் போட்டியில் இத்தாலியும் கிழக்கு ஜெர்மனியும் வினாடியில் நூறில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லாமல் வந்து நிற்க, இரண்டுக்கும் தங்கம். அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து கடிகாரம் வினாடியை ஆயிரம் கூறாக வெட்டத் தொடங்கியது.

இவ்வளவு மாறியும் வண்டி மட்டும் பிடிவாதமாக அப்படியே நின்றது. ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. வீரர் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து உந்திப் புறப்படுவார். விரல் நுனியில் குட்டி ஆணிகள் பொருத்திய கையுறையால் பனியை நாலைந்து தரம் பின்னுக்குத் தள்ளுவார். பிறகு மல்லாந்து விழுந்தால், கெண்டைக்காலால் முன்வளைவை அழுத்துவதும் தோளால் பலகையை அமுக்குவதும்தான் திசைமாற்றல். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். முழங்கால்களுக்கு நடுவே தெரியும் கொஞ்சம் பாதையே பார்வை. கோடி கோடியாய்ச் செலவழித்துத் தடம் கட்டும் பணக்கார நாடுகளின் சொத்தாகிவிட்ட இந்த வண்டி, தடமே இல்லாத ஒரு நாட்டுக்குள் 1996-இல் நுழைந்தது.

ஹரியானாவின் பஞ்ச்குலாவில் ஆஸ்திரியாவின் முன்னாள் லூஜ் வீரர் குந்தர் லெம்மரர் ஒரு தேர்வு முகாம் நடத்தினார். பனிக்கு எங்கே போவது? வண்டிக்கு அடியில் சக்கரம் பூட்டித் தார்ச்சாலையில் விட்டார்கள். சனாவர் லாரன்ஸ் பள்ளியிலிருந்து வந்த மாணவர்களில் ஒருவர் சிவா கேசவன். அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலியர், வளர்ந்தது மணாலி அருகே. 1998-இல் ஜப்பானின் நகானோவுக்கு இந்தியா அனுப்பிய ஒரே வீரர் அவர்தான். வயது 16. ஒலிம்பிக் லூஜில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் இறங்கியதில்லை. 28-ஆவதாக வந்தார். ஊர் திரும்பினால் பயிற்சிக்கு இடம்?

மறுபடியும் சாலைதான். இமயமலைச் சாலையில், லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே, சக்கர வண்டியில் படுத்துக்கொண்டு இறங்கினார். கொல்லிமலைக்குக் கீழே இருக்கும் சேந்தமங்கலத்துக்காரர்களுக்கு இதன் பயங்கரம் சட்டென்று புரியும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஹாரன் அடிக்காமல் ஒன்றில் திரும்பினாலே எதிரே பஸ்ஸின் முகம் நிற்கும். பழகிய டிரைவர்களே அங்கே பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல்தான் இறங்குவார்கள். அப்படியொரு சாலையில் தரையோடு தரையாக, பிரேக்கே இல்லாத பலகையில் கிடந்து இறங்குவதைத் துணிச்சல் என்று சொன்னால் போதாது. செயின்ட் மோரிட்ஸ் தெருவிலிருந்து ஆபத்து என்று ஒதுக்கப்பட்ட வண்டி, இந்தியாவில் மறுபடி தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

பலன் கிடைத்தது. 2011-இல் அதே நகானோவில், 49.590 வினாடியில் இறங்கி ஆசியச் சாம்பியன் ஆனார். ஆனால் 2014 சோச்சியில் தேசியக் கொடி இல்லை. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் ஒலிம்பிக் கொடியின் கீழ் ஓட வேண்டிய நிலை. பயிற்சி ஓட்டத்தில் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு முதுகால் பனியில் சறுக்கினார். பக்கத்திலேயே வண்டியும் ஓடியது. பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள, ஓடும் வண்டியின் மேலேயே புரண்டு ஏறி, மிச்சத் தடத்தையும் முடித்தார். போட்டியில் கிடைத்தது 37-ஆவது இடம். அவருடைய பந்தயம் முடிந்த சில நாளில் தடை நீங்கி, கொடி திரும்பி வந்தது.

2018 பியோங்சாங் அவருக்கு ஆறாவது ஒலிம்பிக். 34-ஆவது இடத்தோடு ஓய்வு அறிவித்தார். 2020-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் லூஜ் போட்டியில் இந்தியர் யாரும் இல்லை. பனித்தடம் ஒன்று இந்தியாவில் இன்னும் கட்டப்படவில்லை.