இடைச்சேமிப்பும் உள்நுழைவுச் சோதனையும்

வலைப்பக்கம் ஒன்றின் படியை வழியிலேயே வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவருக்கும் அதையே தருவது இடைச்சேமிப்பு அல்லது கேஷ் எனப்படும். கேட்பவர் யாரென்று பார்த்து, அவருக்குரியதை மட்டும் தருவது உள்நுழைவுச் சோதனை. முன்னது எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கிறது. பின்னது பிரித்துப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே வலைச் செயலியில் இணைப்பது நெடுங்காலச் சிக்கல்.

பள்ளித் தேர்வு முடிவு வெளியாகும் நாளை எடுத்துக்கொள்ளலாம். பாப்பிரெட்டிப்பட்டி மாணவரும் சென்னை மாணவரும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறக்கிறார்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் கேட்கும் முகப்புப் பக்கம் அனைவருக்கும் ஒன்றே. அதன் படியை எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். அடுத்து வரும் மதிப்பெண் பக்கம் அப்படியல்ல. அது ஆள் மாறிப் போனால், தேர்ச்சி பெற்ற பிள்ளையின் வீட்டில் அழுகுரல் கேட்கும்.

பலருக்கும் பொதுவாகப் படிகளைச் சேமிக்கும் பதிலாள் வழங்கியை செர்ன் ஆய்வகத்தினர் 1994-இல் அறிமுகப்படுத்தினர். அது இணைப்பு வேகம் மிகக் குறைந்த காலம். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையம் வழங்கத் தொடங்கியபோதும், தொலைபேசிக் கம்பி வழியே ஒரு படம் இறங்க நெடுநேரம் பிடித்தது. ஆகவே இடைச்சேமிப்பு தவிர்க்க முடியாத தேவையாக இருந்தது.

1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை இதற்கு ஒரு வேலி கட்டியது. 'ஆத்தரைசேஷன்' என்னும் தலைப்புவரியுடன் வரும் கோரிக்கைக்கான பதிலை, வழங்கி வெளிப்படையாக அனுமதித்தாலன்றிப் பொது இடைச்சேமிப்பு பிறருக்குத் தரக்கூடாது என்றது. 'பிரைவேட்' என்று குறித்த பக்கத்தைப் பயனரின் உலாவி மட்டுமே சேமிக்கலாம் என்றும் வகுத்தது.

ஆனால் பெரும்பாலான தளங்கள் அந்த வழியில் செல்லவில்லை. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டூலி 1994-இல் உருவாக்கிய குக்கியைக் கொண்டே பயனரை அடையாளம் கண்டன. குக்கிக்கு அந்த வேலியின் காவல் இல்லை. 2022-இல் திருத்தி வெளியிட்ட விதிகளும், குக்கி இருப்பதாலேயே சேமிப்பு நின்றுவிடாது என்றே சொல்கின்றன. பொறுப்பு முழுவதும் நிரலாளர் தலையில் விழுந்தது.

இதன் விளைவை 2015 கிறிஸ்துமஸ் நாளில் உலகம் பார்த்தது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டுக் கடை அன்று தாக்குதலுக்கு உள்ளாகி, வழக்கமான விற்பனைக் காலத்தைவிடப் போக்குவரத்து 2000 சதவீதம் உயர்ந்தது. சுமையைத் தாங்க அவசரமாக மாற்றிய இடைச்சேமிப்பு அமைப்புகளில் ஒன்று, உள்நுழைந்தவர்களின் பக்கங்களையும் பொதுப் பக்கங்களாகக் கருதிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், சுமார் 34,000 பேரின் பக்கங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. சிலவற்றில் முகவரி, மின்னஞ்சல், கடன் அட்டையின் கடைசி இரண்டு இலக்கங்கள் முதலியவை இருந்தன. கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை, பூட்டும் உடையவில்லை. பூட்டுக்கு வெளியே கிடந்த படிதான் கைமாறியது.

2017-இல் ஓமர் கில் என்ற ஆய்வாளர் இன்னொரு வழியைக் காட்டினார். கணக்குப் பக்க முகவரியின் முடிவில் '.சி.எஸ்.எஸ்.' என்று முடியும் இல்லாத கோப்புப் பெயரைச் சேர்த்தால், சில தளங்களின் இடைச்சேமிப்பு அதை வெறும் அலங்காரக் கோப்பென நம்பிச் சேமித்துக்கொண்டது. பேபால் தளமும் இதில் சிக்கி, பின்னர் சரிசெய்தது.

இன்றைய செயலிகளில் பக்கத்தின் பொதுப் பகுதியை மட்டும் சேமித்து, பயனரின் விவரங்களைத் தனிக் கோரிக்கையாகப் பெறுவது வழக்கம். சேமித்தே ஆகவேண்டிய இடங்களில் சாவியுடன் பயனர் எண்ணையும் சேர்க்கிறார்கள். அனுமதியைச் சோதித்த பிறகே படியை எடுத்துத் தருகிறார்கள். 'நோ-கேஷ்' என்ற கட்டளை புதியவர்களைக் குழப்பும். அதன் பொருள் சேமிக்காதே என்பதன்று. சேமித்ததை வழங்கியிடம் கேட்காமல் தராதே என்பதே. சேமிக்கவே கூடாதெனில் 'நோ-ஸ்டோர்' என்று எழுத வேண்டும்.