தண்ணீரில் கழற்றுவதா, கரையேற்றிக் கழற்றுவதா?

புரொப்பல்லர் அடிபட்டு ஷாஃப்ட் வளைந்துவிட்டால் விசைப்படகுக்காரருக்கு இரண்டு வழி: ஸ்லிப்வேயில் ஏற்றிக் கழற்றலாம்; முக்குளிப்பவரை இறக்கி, மிதக்கவிட்டே கழற்றலாம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது பெரும்பாலான படகுகள் எப்படியும் பழுது பார்க்கக் கரையேறும். தொழில் நடக்கும் மாதங்களில்தான் மிதக்கவிட்டே முடிக்கும் ஆசை வரும்.

புரொப்பல்லர் மட்டும் என்றால் அந்த ஆசையில் தவறில்லை. ஷாஃப்டின் கூம்பிய முனையில் அது இறுகி உட்கார்ந்திருக்கிறது. நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்து, புல்லரைப் பூட்டி இழுக்க வேண்டும். 'டப்'பென்று விடுபடும்போது அந்த நட்டுதான் தாங்கும். இல்லாவிட்டால் கனத்த வெண்கலம் சேற்றுக்குள் போகும். புரொப்பல்லரின் குடம் அசைய மறுத்தால் கரையில் சூடு காட்டி இளக்கலாம். தண்ணீருக்கடியில் அதற்கு வழியில்லை.

ஷாஃப்ட் சங்கதியே வேறு. முன்பக்கம் இன்ஜின் மறிப்பதால் பின்பக்கமாகத்தான் உருவ வேண்டும். அங்கே சுக்கான் குறுக்கே நிற்கும். அதையும் கழற்றி உருவினால் படகின் வயிற்றில் ஓட்டை. 50 மி.மீ. துளை நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 லிட்டர் உள்ளே பாயும். கிரீஸ் துணி சுற்றிய மரக்கூம்போடு ஒருவர் உள்ளே, இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டும். பம்ப் ஓடுகிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். கரையில் அதே துளைக்குள் டார்ச் அடித்து, பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஆனால் கரையிலும் முழு வேலை முடியாது. முட்டுக்கட்டை மேல் நிற்கும் படகு, தண்ணீரில் இறங்கியதும் சற்றே வடிவம் மாறும். மரப்படகு ஊற ஊற இன்னும் மாறும். ஷாஃப்டை இன்ஜினோடு இணைக்கும் 100 மி.மீ. கப்ளிங்கின் இரு முகங்களுக்கிடையே இடைவெளி ஓரத்துக்கு ஓரம் 0.1 மி.மீ.க்கு மேல் வேறுபடக்கூடாது. இதைப் பீலர் கேஜ் வைத்து, படகு மிதக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கரையிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போகிறவர் சீக்கிரமே அதிர்வு என்று திரும்பி வருவார்.

ஆகவே புரொப்பல்லரைத் தண்ணீரில் கழற்றுங்கள். ஷாஃப்டுக்கு, வேறு வழியே இல்லாதபோது தவிர, கரையேறுங்கள். எதுவானாலும், ஆள் படகுக்கடியில் போகுமுன் இன்ஜின் சாவியை எடுத்து, பேட்டரி ஒயரையும் பிரித்துவிடுங்கள்.