உடைந்தது எது? 1937-ல் பர்மாவின் பிரிவினையும் ஒரு நோட்டின் மேலச்சும்

தென்னிந்தியா, பர்மா, மலாயா, சயாம் ஆகிய பகுதிகளை அரிசியாலும் கூலியாட்களாலும் வட்டிப் பணத்தாலும் பிணைந்த ஒரே பொருளாதார வட்டாரமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் கிறிஸ்டோபர் பேக்கர். 1930-களின் மந்தத்தைப் பற்றி அவர் 1981-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, செட்டியார் வணிகத்தைத் தனிச் சமூகக் கதையாக எழுதுவது கடினமாகிவிட்டது. அந்த வட்டாரத்தை உடைத்தது மந்தம்தான் என்பது அவரது வாதத்தின் மையம். விலை சரிந்தது, கடன் முடங்கியது, ஒவ்வொரு அரசும் தன் எல்லைக்குள் சுருங்கிக்கொண்டது. இந்தச் சட்டகத்தை அப்படியே ஏற்றால், 1937 ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது ஒரு பின்குறிப்பாகிவிடும். முன்பே உடைந்துபோன பானைக்கு அரசிதழில் சாட்சிக் கையெழுத்து போட்டதாக ஆகும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மந்தத்தின் வலுவை நான் மறுக்கவில்லை. ஆனால் எது உடைந்தது, எது உடையாமல் நின்றது என்பதைச் சட்டப் பிரதிகளோடு ஒட்டிப் பார்த்தால் வேறொரு வரிசை தெரிகிறது.

முதலில் அரிசி. 1930-களின் பிற்பகுதியிலும் பர்மா ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. அதில் சுமார் பாதி இந்தியாவுக்கு வந்தது. விலை விழுந்ததே தவிர கப்பல் நிற்கவில்லை. சயாமிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் வந்து குவிந்த நொய்யரிசியைத் தடுக்க 1935-ல் மணங்குக்கு 12 அணா தீர்வை போட்டபோது, பர்மா அந்தச் சுவருக்கு உள்ளே இருந்தது. பேக்கர் சொல்லும் சுவர் எழும்பியது உண்மை. அது எங்கே எழும்பியது என்பதுதான் கேள்வி. அது ரங்கூனுக்கும் சென்னைக்கும் நடுவில் எழும்பவில்லை, ரங்கூனுக்குக் கிழக்கே எழும்பியது.

1937-ல் இந்த ஏற்பாடு சட்டப்படி குலைந்திருக்க வேண்டும். 'பிரிட்டிஷ் இந்தியா' என்ற வரையறையிலிருந்து பர்மா நீங்கிய அன்றே, 1878-ன் கடற்சுங்கச் சட்டத்துக்கும் 1934-ன் தீர்வைச் சட்டத்துக்கும் ரங்கூன் ஓர் அந்நியத் துறைமுகம். ஒரு வரியைக்கூடத் திருத்தாமல் பர்மா அரிசி வெளிநாட்டுச் சரக்காகியிருக்கும். அதைத் தடுத்தது 1937-ன் இந்திய–பர்மா வணிக ஒழுங்காணை. இருந்த நிலையை அது மூன்றாண்டுக்கு உறைய வைத்தது. அதன் பிறகு விலக விரும்பும் தரப்பு பன்னிரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும் என்றது. ஆட்கள் போய்வருவதற்கும் இதே அச்சில் ஒரு குடியேற்ற ஆணை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டன் 2020-ல் பதினொரு மாத இடைக்காலம் வைத்துக்கொண்டதையும், ஒன்றியத்தின் சட்டங்களை 2018-ன் விலகல் சட்டத்தின் மூலம் மொத்தமாகத் தன் சட்டப் புத்தகத்துக்கு மாற்றிக்கொண்டதையும் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு. பிரிட்டனில் வாக்காளர்கள் விலகச் சொன்னார்கள். பர்மாவில் 1932 தேர்தலில் வென்றது பிரிவினையை எதிர்த்த அணி. இருந்தும் பிரித்தது லண்டன்.

இனி நான் அழுத்திப் பேச விரும்பும் சான்று. கிண்டியில் ஒரு நாணயச் சேகரிப்பாளரிடம் பார்க்கக் கிடைத்த பத்து ரூபாய் நோட்டு அது. ஐந்தாம் ஜார்ஜின் உருவம், இந்திய அரசின் வாக்குறுதி, எல்லாம் சென்னையில் புழங்கிய நோட்டில் உள்ளபடியே. மேலே தனியாக அச்சேற்றிய ஓர் ஆங்கில வரி மட்டும் அதிகம்: பர்மாவில் மட்டும் செல்லும் என்பது அதன் பொருள். பர்மாவுக்கென்று ரிசர்வ் வங்கியின் புதிய நோட்டுகள் 1938-ல் வருவதற்கு முந்தைய இடைக்கால வெளியீடு இது என்பதில் ஐயமில்லை. நோட்டிலும் தேதி இல்லை, மேலச்சிலும் இல்லை. 1937 என்பது சூழலிலிருந்து பெற்ற ஆண்டு. மாதத்தை நோட்டை மட்டும் வைத்து நிறுவ முடியாது.

சேகரிப்பாளர்கள் இதை ஓர் அரிய அச்சு வகையாகப் பார்க்கிறார்கள். நான் இதை ஒரு சட்ட ஆவணமாக வாசிக்கிறேன். வெளியிட்டவர் மாறவில்லை, ரூபாயின் மதிப்பு மாறவில்லை. பிரிவினைக்குப் பிறகும் பர்மாவின் நோட்டு நிர்வாகம் இந்திய ரிசர்வ் வங்கியிடமே இருந்தது. மாறியது திசை ஒன்றுதான். சரக்கு இரு பக்கமும் தடையில்லாமல் போகலாம், ஆள் போகலாம். அந்தச் சரக்குக்கும் கூலிக்கும் கொடுத்த தாள் மட்டும் வங்காள விரிகுடாவைத் தாண்டிச் செல்லாது. ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் இருக்கவே இருக்கிறது, செட்டியாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். உடனடி நட்டம் சிறிதாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரு பொதுச் சந்தையை எந்தத் தையலிலிருந்து பிரிக்கத் தொடங்கினார்கள் என்பதற்கு இந்த வரியைவிடத் தெளிவான தடயம் எனக்குத் தெரியவில்லை. ஒற்றை நோட்டின் மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 1945-ல் ராணுவ நிர்வாகமும் 1947-ல் பர்மா நாணய வாரியமும் இந்திய நோட்டுகளின் மேல் தத்தம் பெயரோடு அதே வாசகத்தைத்தான் அச்சிட்டன. அதிகாரம் கைமாறிக்கொண்டே இருந்தபோதும் வாசகம் அப்படியே நின்றது. தற்செயலாக விழுந்த முத்திரை பத்தாண்டு நீடிக்காது.

பேக்கரின் வாசிப்போடு நான் மிகவும் முரண்படும் இடம் நிலம். மந்தத்தில் செட்டியார் மூலதனம் பர்மாவை விட்டு ஊர் திரும்பித் தமிழ்நாட்டு ஆலைகளிலும் பிற தொழில்களிலும் இறங்கியது என்பது வழக்கமான சித்திரம். திரும்ப முடிந்த பணம் திரும்பியது, சரி. திரும்ப முடியாத பணம் என்னவாயிற்று? 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார்களிடம் இருந்தது சுமார் 5.7 லட்சம் ஏக்கர், அதாவது மொத்தத்தில் 6 விழுக்காடு. 1937-ல் அது 24 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. கிட்டத்தட்ட 25 விழுக்காடு. கடன் வராமல் ஈடு வந்தது. யாரும் விரும்பி வாங்கிய நிலமில்லை. செட்டியார் கடைகளின் ஏஜென்டுகளுக்கு உழவும் தெரியாது, அதில் நாட்டமும் இல்லை. ஆக, மந்தம் பிணைப்பை அறுத்தது என்பது பாதி உண்மை. கைமாறக்கூடிய பணத்தை நகர்த்த முடியாத வயலாக மாற்றி, முன்பைவிட இறுக்கமாகக் கட்டிப்போட்டதும் அதே மந்தம்தான்.

1937-ன் வணிக ஒழுங்காணை காத்தது சரக்கை, வயலை அல்ல. நிலமும் குத்தகையும் பர்மாவின் புதிய சட்டமன்றத்தின் கைக்குப் போயின. 1938-ல் இந்தியருக்கு எதிரான கலவரம். 1939-ல் குத்தகைச் சட்டம். 1941-ல் நிலக் கொள்முதல் சட்டம். 1948-ல், விடுதலைக்குப் பிறகு, நில நாட்டுடைமைச் சட்டம். என் வரிசை இதுதான். பொதுச் சந்தையின் உடைப்பு அரிசியில் தொடங்கவில்லை. பணத்தில் அரைகுறையாகத் தொடங்கி, நிலத்தில் முழுமையானது.

போட்டிச் சட்டம் என்று இன்று நாம் சொல்வது அன்று இரு பக்கமும் கிடையாது. இருந்திருந்தால் முதலில் பிடிபட்டிருக்க வேண்டியது 1921-ல் ஸ்டீல் பிரதர்ஸ் உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய அரிசி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 'புல்லிங்கர் கூட்டு'. நெல்லின் கொள்முதல் விலையை அழுத்தி வைப்பதே அதன் வேலை என்று பர்மா விவசாயிகள் தொடர்ந்து புகார் சொன்னார்கள். பிரிவினையின் எந்த ஆணையும் அதைத் தொடவில்லை. பிரிவினைக்குப் பின் வந்த சட்டங்களின் கண் வட்டிக்கடை மேலேயே இருந்தது, ஆலைகளின் கூட்டு மேல் இல்லை. இதை நான் ஒரு சார்பாகவே படிக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் இடைத்தரகர் எப்போதும் எளிய இலக்கு.

காட்டில் பிரிக்க அதிகம் எதுவும் இருக்கவில்லை. பர்மாவுக்கு 1902 முதலே தனி வனச் சட்டம் இருந்தது. சென்னை மாகாணத்துக்கு 1882-ன் சட்டம். சுற்றுச்சூழல் தொடர்பான ஒழுங்குமுறை முன்பே மாகாணவாரியாகப் பிரிந்து கிடந்ததால், தேக்கு மரம் 1937-ஐ உணரவே இல்லை எனலாம். இன்றைய விலகல்களில் நேர்மாறு. அங்கே ஐரோப்பிய ஆணையத்தின் கண்காணிப்பு போன பிறகு, பிரிட்டன் 2021-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கெனத் தனி அலுவலகமே தொடங்க வேண்டிவந்தது.

மூன்றாண்டு முடிந்ததும், 1940 ஏப்ரலில், பர்மா அறிவிப்பு கொடுத்தது. அது உறவை முறிக்கவா, பேரத்தைத் தொடங்கவா என்பதில் நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். 1941 ஏப்ரலில் வந்த புதிய உடன்பாடு தீர்வைகளை அனுமதித்தாலும், ஒருவருக்கொருவர் சலுகை விகிதத்தைக் கைவிடவில்லை. அறுத்துக்கொள்ள நினைப்பவர் சலுகைக்காகப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். அதே ஆண்டு எட்டப்பட்ட குடியேற்ற உடன்பாடு இந்தியாவில் கடும் எதிர்ப்பைச் சந்தித்ததை இந்த ஊகத்துக்கு எதிராகக் காட்டலாம். அதன் எடையை நான் குறைக்க விரும்பவில்லை. வணிக உடன்பாடு நடைமுறையில் எப்படி இயங்கியிருக்கும் என்பதற்குக் கிடைத்த சோதனைக் காலம் ஓராண்டுகூட இல்லை. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அரிசிக் கப்பல் உண்மையாகவே நின்றது அப்போதுதான். மந்தம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து.