நடுகல்லும் நம் நீதியும்

நம் காணைக்கு வடமேற்கே, திருவண்ணாமலையைக் கடந்து செங்கத்துச் சுற்றுப்புறங்களிற் செல்வோர், வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் கிடைத்த பழைய நடுகற்கள் பலவற்றைக் காண்பர். பல்லவ வேந்தர் காலத்தனவும் அவற்றுள் உண்டு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கச் சென்று மாண்ட வீரனது உருவமும் பெயரும், அரசனது ஆட்சியாண்டும் அக்கற்களில் வட்டெழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். தமக்காக உயிர் ஈந்தவனை மறவாத நம் முன்னோரின் நன்றியறிதலுக்கு அவை சான்றாம்.

ஆயினும் அக்கற்களின் முன் நிற்கும்போது ஒரு வினா எழாமற் போகாது. அவ்வீரன் கையால் அன்று விழுந்தவன் யாவன்? அவனுக்கும் ஓர் ஊர் இருந்தது. தாயும் மனைவியும் இருந்தனர். நம் ஊர்க் கல்லில் அவனுக்கு இடமில்லை. அவன் ஊரில் அவனுக்கு ஒரு கல் நட்டிருப்பின், அக்கல்லின்படி நம் வீரனே பகைவனாவான். அது போர்க்காலம், அந்நாளைய மக்களை நாம் குறை கூற வேண்டுவதில்லை. சட்டமும் நீதிமன்றமும் நிலைபெற்ற இக்காலத்தும் நம் நெஞ்சில் நடப்படும் கற்கள் அவ்வாறே ஒரு பக்கத்தை மட்டும் நோக்கி நிற்பது ஏன் என்பதே நாம் ஆராயப் புகுவது.

கொலை பாதகம் என்பதை மறுப்பார் நம்முள் ஒருவருமிலர். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு உரைக்கின்றது. கொல்லாமையை உயிர்மூச்சாகக் கொண்ட நெறி இம்மண்ணில் வேரூன்றியிருந்தது. இப்பெருமையை நாம் மேடைதோறும் பேசுகின்றோம். ஆயின், ஒரு கொலைச் செய்தி காதில் விழுந்தவுடன் நாம் கேட்கும் முதல் வினா யாது? "செய்தவன் யார், செத்தவன் யார்?" என்பதே. அதற்கு விடை கிடைத்த பின்னரே நம் இரக்கமும் சினமும் எழுகின்றன.

வரலாற்றிலிருந்து சில எடுத்துக்காட்டுகள் காண்போம். 1908ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சிறைப்பட்டதையொட்டித் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில், போலீசார் சுட்டு நால்வர் மாண்டனர். 1911 ஜூன் 17ஆம் நாள், மணியாச்சி நிலையத்தில் நின்ற ரயில் வண்டியில் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டான். இன்று அந்நிலையம் வாஞ்சியின் பெயரைத் தாங்குகின்றது. அவனது துணிவை நாம் இகழ வரவில்லை. அடிமை நாட்டில் ஓர் இளைஞன் என்ன செய்வான் என்று கேட்பாரும் உளர். ஆனால், வாஞ்சியின் பெயரை அறிந்தோருள் எத்துணைப் பேர் 1908இல் மாண்ட அந்நால்வரின் பெயரைக் கூறவல்லர்? சுட்டவனை நினைந்தோம், சுடப்பட்டு மாண்ட நம் எளியோரை மறந்தோம்.

1909இல் இலண்டனில் மதன்லால் திங்கரா, கர்சன் வைலி என்பாரைச் சுட்டுக் கொன்றபோது, காந்தியடிகள் அச்செயலை வெளிப்படையாகக் கண்டித்தார். கொலையால் பெறும் ஆட்சி கொலைகாரர் ஆட்சியாகவே முடியும் என்பது அவர் கருத்து. அவர் தம் நாட்டவன் செய்த கொலைக்கும் அயலான் செய்த கொலைக்கும் வெவ்வேறு நிறைகோல் வைத்திலர். அத்தகையார் 1948 ஜனவரி 30ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டபோது நிகழ்ந்தது யாது? கொன்றவன் பிறந்த குலத்தார் என்னும் ஒரே காரணத்தால் சாதாரா, கோலாப்பூர் முதலிய இடங்களில் மராட்டியப் பிராமணர்கள் தாக்கப்பட்டனர். அவர்தம் வீடுகள் கொளுத்தப்பட்டன. அகிம்சை உரைத்தவருக்காக அழுத கண்கள், அவர் பெயராலேயே எரிந்த வீடுகளைக் கண்டும் நனைந்தில.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலியாகச் சிறிது நெல் கூடுதலாகக் கேட்ட ஆதிதிராவிட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர், பெண்டிரும் குழந்தைகளுமாக, ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். 1970இல் கீழ் நீதிமன்றம் நிலக்கிழார் சிலரைத் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலமும் காரும் உடைய செல்வர் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பர் என்பதை நம்புதல் அரிது என்பது அத்தீர்ப்புக் கூறிய காரணங்களுள் ஒன்று. அவருள் முதல்வராகக் கருதப்பட்டவர் 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டபோது மகிழ்ந்தோர் பலர். நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் அம்மகிழ்ச்சி பிறந்ததன் காரணத்தை நாம் அறிவோம். எனினும், 44 பேருக்காக வாய் திறவாதிருந்து, அவ்வொருவருக்காக மட்டும் "ஐயோ, கொலை!" என்றவர்க்குக் கொலையைக் கண்டிக்கும் தகுதி ஏது? அவ்வாறே, 44 பேருக்காக அழுது அவ்வொரு கொலையைக் கொண்டாடியவரும் தம் சொல்லைத் தாமே மறுத்தவராவர்.

பிறர் கதை கூறுதல் எளிது. இனி நம் கதையைக் கூற வேண்டும். 1987 செப்டம்பர் 17 முதல் ஏழு நாள், தனி இடஒதுக்கீடு வேண்டி நம்மவர் சாலை மறியல் நடத்தினர். அப்போராட்டத்தில் 21 பேர் உயிர் நீத்தனர். அவருட் பலர் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையானவர். 1989இல் மிகவும் பிற்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும் 20 விழுக்காடு ஒதுக்கப்பட்டது அவர்தம் குருதியின் பயன். 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அவர்களுக்கு அரசினரால் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. நாம் ஆண்டுதோறும் அவர்களை நினைந்து வணங்குகின்றோம். வணங்குதல் நம் கடன்.

ஆயின், அதே விழுப்புரத்தில், அதற்கு ஒன்பதாண்டு முன்னர், 1978 ஜூலையில், ஆதிதிராவிடர் 12 பேர் கலகத்திற் கொல்லப்பட்டனர். அவர் மீது சுட்டது அரசாங்கத்துத் துப்பாக்கியன்று; அடித்தவை ஊரார் கைகள். 1987இல் நம் மறியல் நடந்த அந்நாட்களிலேயே, தென்னார்க்காட்டில் பல ஊர்களில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்: 21 என்னும் எண்ணை அறிவர், 12 என்னும் எண்ணை அறியார். யாம் சொல்லிக் கொடுத்திலோம் என்பதே காரணம். போலீசார் நம்மவரைச் சுட்டபோது "இது படுகொலை" என்று முழங்கிய நாம், ஊரார் அயற்சேரியாரைக் கொன்றதைக் "கலவரம்" என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். கலவரம் என்னுங்கால் கொன்றவனும் மறைகின்றான், கொலையுண்டவனும் மறைகின்றான்.

"எல்லாக் கொலையும் ஒன்றாகுமோ? போரில் கொல்வதும், தற்காப்பிற் கொல்வதும், அரசன் ஒறுப்பதும் வேறல்லவோ?" என்று சிலர் வினவலாம். வேறே. வள்ளுவரும் கொல்லாமையைத் தனி அதிகாரமாக வகுத்ததோடு, செங்கோன்மையில் கொடியோரை ஒறுத்தலை வேந்தனுக்கு உடன்பட்டார். அவ்வுடன்பாடு ஆராய்ந்து முறை செய்யும் வேந்தனுக்கே உரியது. தெருவிற் கூடிய கூட்டத்திற்கு அவர் அதனை அளித்திலர். வேறுபாடு காண்போர், கொன்றவனும் கொலையுண்டவனும் எக்குலத்தார் என்று அறியுமுன்னரே அதனைக் காணல் வேண்டும். பெயர்களை மாற்றி வைத்துப் பார்த்தும் அதே தீர்ப்பைச் சொல்வோமாயின் அது நீதி. தீர்ப்பு மாறுமாயின், நாம் வெறுத்தது கொலையையன்று; கொன்ற குலத்தையே.

இதனால் நம் சங்கத்துக்கு வரும் இழிவு ஒன்றுமில்லை, வலிமையே வரும். தன் இழப்பை மட்டும் எண்ணுவோன் கூற்றைப் பிறர் பாதியே நம்புவர். பிறர் இழப்பையும் எண்ணுவோன் நீதி கேட்கும்போது அரசாங்கமும் ஊரும் செவிசாய்க்கும்.

ஆதலின் நாம் வேண்டுவது சிறிது. செப்டம்பர் 17ஆம் நாள் 21 விளக்கு ஏற்றும் இல்லங்கள், ஜூலைத் திங்களில் ஒரு நாள் 12 விளக்கும் ஏற்றுக. அதன் காரணத்தைப் பிள்ளைகள் வினவுவர். நாம் அறிந்ததை மறையாது சொல்லுவோமாக.