திருமுக்கூடலின் நாழி அரிசியும் எருசலேமின் வெள்ளை ரொட்டியும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் 1068-ஐ ஒட்டியது. கோயிலோடு சேர்ந்து நடந்த கல்விச்சாலைக்கும் 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' ஆதுலசாலை என்ற மருத்துவமனைக்கும் ஆன செலவுக்கணக்கு அதில் பதிந்துள்ளது. அதே நூற்றாண்டில் இத்தாலியின் அமால்பி வணிகர்கள் எருசலேமில் யாத்ரீகர்களுக்காக ஒரு விடுதி அமைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த புனித யோவான் சபையை 1113-இல் போப்பாண்டவர் ஏற்றார். 1182-இல் அச்சபையின் தலைவர் ரோஜர் தெ முலேன் தம் மருத்துவமனைக்கு விதிகள் வகுத்தார். ஒன்று கல்லில் வெட்டிய கணக்கு, மற்றொன்று ஏட்டில் எழுதிய ஒழுங்கு. உணவும் மருந்தும் வழிபாடும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த விதத்தை இரண்டும் காட்டுகின்றன.

முதலில் சோறு. திருமுக்கூடலில் நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. எருசலேமில் நோயாளிக்கு வெள்ளை ரொட்டி; வாரத்தில் மூன்று நாள் பன்றி அல்லது ஆட்டின் புது இறைச்சி; அதை உண்ண முடியாதவருக்குக் கோழி. பண்டம் வேறானாலும் எண்ணம் ஒன்றுதான். நோயாளியின் உணவை இரு இடத்திலும் சமைப்பவர் மனம்போல் விடவில்லை. சிகிச்சையின் பகுதியாகவே அளந்து எழுதினார்கள்.

மருந்தும் அடுக்களைக்கு வெகுதூரத்தில் இல்லை. சோழர் கல்வெட்டு ஏறத்தாழ இருபது மருந்துகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கடுக்காயில் செய்த தசமூல அரீதகி, பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த தைலம், வில்வாதி நெய், கல்யாண லவணம், நாட்பட்ட பழைய நெய் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. நெய், பூண்டு, உப்பு ஆகியவை மடைப்பள்ளிக்கும் மருந்தறைக்கும் பொதுவான பொருள்கள். எருசலேமில் அந்த இடத்தில் சர்க்கரை நின்றது. திரிப்போலிப் பக்கத்திலிருந்தும் திபேரியாவிலிருந்தும் பாகுக்கும் லேகியத்துக்கும் சர்க்கரை அனுப்ப வேண்டும் என்று 1182 விதி கட்டளையிடுகிறது.

ஆள்பலத்தில் சோழர் கணக்கு மிக நுணுக்கமானது. ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டர் மருத்துவர். ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் அவருக்கு. அவரோடு அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்சும் இருவர், செவிலியர் இருவர், நாவிதர், தண்ணீர் சுமப்பவர் ஆகியோர் இருந்தார்கள். எருசலேம் விதியில் சிறுநீரைப் பார்த்து நோயறியும் மருத்துவர் நால்வர் வருகிறார்கள். அந்த விதியின் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது: நோயாளிக்குத் தனிப் போர்வை, கழிப்பிடம் போய்வர ஆட்டுத்தோல் மேலாடையும் காலணியும், யாத்ரீகப் பெண்களுக்கு அங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொட்டில். திருமுக்கூடல் ஊழியரின் உரிமையை எழுதிவைத்தது. எருசலேம் நோயாளியின் வசதியை எழுதிவைத்தது.

சமயம் நுழையும் வாசலில்தான் இரண்டும் பெரிதும் பிரிகின்றன. ஆதுலசாலை கோயிலில் ஊழியம் செய்தோருக்கும் அங்கே பயின்ற மாணாக்கருக்கும் உரியது. அதன் அறம் தன் குடும்பத்தைக் காக்கும் அறம். எருசலேமில் முன்பின் அறியாதவரும் வந்து படுக்கலாம். ஆனால் சபையின் பழைய விதிப்படி வந்தவர் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை பெற வேண்டும். பிறகு அவரை வீட்டுத் தலைவனாகவே எண்ணி, சபைச் சகோதரர்கள் உண்பதற்கு முன் அவருக்கு உணவிட வேண்டும். வாசலை அகலத் திறந்ததில் எருசலேமே மேல். தண்ணீர் சுமந்தவரின் கூலியையும் மறவாமல் கல்லில் வெட்டியதில் திருமுக்கூடலே மேல்.

பக்தி மருத்துவத்துக்குத் தடை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இவ்விரு இடங்களிலும் பக்திதான் நெல்லையும் சர்க்கரையையும் கொண்டுவந்து சேர்த்தது. வெறும் இரக்கத்தை நம்பியிராமல், யாருக்கு எவ்வளவு என்று அளவு குறித்து எழுதியதால்தான் அந்தப் பக்தி நோயாளியின் இலைவரை வந்தது. எருசலேம் 1187-இல் சுல்தான் சலாவுதீனிடம் வீழ்ந்து, சபை இடம்பெயர்ந்தது. திருமுக்கூடல் கல்வெட்டு இன்றும் அதே சுவரில் இருக்கிறது. காஞ்சிபுரம் போகிறவர்கள் அருகிலுள்ள அந்தக் கோயிலுக்கும் போய், ஒரு நாழி அரிசி என்று வெட்டிய அந்தச் சுவரைப் பார்த்துவர வேண்டும்.