குன்றிமணியும் தாய்ப்பாலும்

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே குன்றிமணி, அதற்கும் தாய்ப்பாலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆமணக்கு விதையில் இருப்பது ரிசின். 1892ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் (பெயரிலேயே பால்!) இந்த நஞ்சுகளைப் பெண் சுண்டெலிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்து, சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போனார். மற்ற எலிகளைக் கொல்லும் அளவு நஞ்சு கொடுத்தும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின.

அந்தச் சக்தி கருவிலேயே வந்ததா, பிறந்த பிறகு வந்ததா? எர்லிக் குட்டிகளைத் தாய் மாற்றி விட்டார். நஞ்சுக்குப் பழகிய எலியிடம் பால் குடித்த சாதாரண எலியின் குட்டிகள் பிழைத்தன. பழகிய எலிக்குப் பிறந்து சாதாரண எலியிடம் பால் குடித்த குட்டிகளோ, இருந்த சக்தியையும் விரைவில் இழந்தன. பால் வெறும் உணவல்ல என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது தாய்மார்களின் வீடு வரை வரவில்லை. 47 ஆண்டுகள் கழித்து இங்கே சிங்கப்பூரில் என்ன நடந்தது தெரியுமா? தாதியரைப் போல வெள்ளை உடை அணிந்த விற்பனைப் பெண்கள், டின்னில் அடைத்த இனிப்புக் கெட்டிப்பால்தான் குழந்தைக்கு நல்லது என்று தாய்மார்களிடம் சொல்லி வந்தார்கள். இன்று தே தாரிக்கில் ஊற்றுகிறோமே, அதே வகைப் பால். அதைக் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் சத்துக் குறைவிலும் மடிந்தார்கள்.

ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936 முதல் மலாயாவில் பணியாற்றியவர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’. தவறான பால் விளம்பரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். வணிகர்கள் நிறைந்த சபையில் இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஜப்பானியர் காலத்தில் அவர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே 20 குழந்தைகள் பிறந்தன, 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, 20 குழந்தைகளும் பிழைத்தன என்று பின்னாளில் அவரே சொன்னார். அரை வயிற்றுக் கஞ்சி குடித்த தாய்மார்கள் அவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏன் பிழைத்தன என்பதற்கான விளக்கம் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. 1961இல் சுவீடனின் லார்ஸ் ஹான்சன், தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் உள்ளதைப் போன்றதல்ல, தனி வகை என்று காட்டினார். குழந்தையின் குடலில் படிந்து, கிருமி ஒட்டாமல் தடுப்பது அதன் வேலை. 1968இல் அமெரிக்காவில் ஸ்மித், கோல்ட்மன் இருவரும் சீம்பாலில் உள்ள வெள்ளை அணுக்களைச் சோதித்தார்கள். அவை உயிரோடு இருந்தன, கிருமிகளை விழுங்கின. ஒரு மில்லிலிட்டர் சீம்பாலில் இப்படி லட்சக்கணக்கான அணுக்கள்! இதைத்தான் நம் வீடுகள் சிலவற்றில் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைத்தார்கள்.

இந்த ஏற்பாடு நடக்கும் விதம் இன்னும் வியப்பானது. தாயின் குடலில் ஒரு கிருமி நுழைந்தால், அதை அடையாளம் கண்டுகொண்ட அணுக்கள் இரத்தத்தின் வழியே மார்புக்கு வந்து சேர்கின்றன. அந்தக் கிருமிக்கே உரிய எதிர்ப்புப் புரதத்தை அங்கே தயாரித்துப் பாலில் கலக்கின்றன. தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள்? தாய் சந்திக்கும் கிருமியைத்தான் பிள்ளையும் சந்திக்கப் போகிறது. டின் பாலுக்கு எந்த வீட்டுக் கிருமி தெரியும்?

2013இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். முதல் ஓரிரு வாரங்களுக்குப் பிறகு, தாயும் சேயும் நலமாக இருக்கும்போது பாலில் உள்ள அணுக்களில் வெள்ளை அணுக்கள் 2 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதில்லை. இருவரில் ஒருவருக்கு நோய் தொற்றினாலும் அது 94 விழுக்காடு வரை ஏறுகிறது. நோய் தணிந்ததும் மீண்டும் இறங்கிவிடுகிறது.